யாஹெய் எழுத்துரு: 12 பிக்சலுக்குள் அடங்காத சீனம்

சீன மொழி விண்டோஸைத் திறந்தவுடன் பட்டிகளிலும் கோப்புப் பெயர்களிலும் நம் கண்ணில் படும் எழுத்துரு மைக்ரோசாஃப்ட் யாஹெய். 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டாவோடு சேர்ந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இதை மைக்ரோசாஃப்டுக்காக வடிவமைத்தது சீனாவின் ஃபவுண்டர் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். சிறிய அளவுகளில் எழுத்தின் கோடுகள் திரையின் பிக்சல் கட்டங்களில் பிசகாமல் உட்காருவதற்குத் தேவையான நுட்ப வேலையை மோனோடைப் செய்தது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தின் வடிவம் என்று பார்த்தால் யாஹெய் நல்ல எழுத்துரு, 14 பிக்சலிலும் அதற்கு மேலும் சீனம் படிப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் கணினியில் ஓடும் சீன மென்பொருள்களில் பல இதை இன்னும் 9 பாயிண்டில், அதாவது வழக்கமான திரையில் 12 பிக்சலில்தான் காட்டுகின்றன. அந்த அளவு இதற்கு முந்தைய எழுத்துருவுக்காக ஏற்பட்டது. எழுத்துருவை மாற்றியவர்கள் அளவை மாற்றாமல் விட்டதால், யாஹெய்க்காகப் பட்ட பாட்டின் பலன் படிப்பவரிடம் முழுமையாக வந்து சேரவில்லை.

12 பிக்சலில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ஒரே ஓர் எழுத்தை எண்ணிப் பார்த்தால் போதும். சின்ஜியாங் என்னும் பகுதிப் பெயரில் இரண்டாவதாக வரும் 'ஜியாங்' எழுத்துக்கு 19 கீற்றுகள், அதாவது பேனாவை எடுக்காமல் இழுக்கும் 19 கோடுகள். அதன் வலப் பாதியில், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட இரண்டு சிறு கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு மேலே ஒன்றும் இடையில் ஒன்றும் கீழே ஒன்றுமாக மூன்று தனிக் கோடுகள் வருகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கிடைக்கோடுகள் என்பதால், அந்தப் பாதியில் மட்டும் ஒன்பது கிடைக்கோடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கோட்டுக்கு ஒரு பிக்சல், இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு பிக்சல் வெற்றிடம் என்று மிகக் கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் இந்த எழுத்து தெளிவாக நிற்க 17 பிக்சல் உயரம் வேண்டும். ஆங்கிலத்தின் சிறிய 'ஈ' எழுத்துக்கோ மூன்றே கிடைக்கோடுகள். ஐந்து பிக்சல் உயரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். 8 பாயிண்டில் ஆங்கில இடைமுகம் வசதியாக வாழ்வதற்கும் அதே அளவில் சீன இடைமுகம் மூச்சுத் திணறுவதற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை எளிதாக்கிய சீனத்துக்கு இடைமுக எழுத்துருவாக இருந்த சிம்சன் இந்தச் சிக்கலை ஒரு சாமர்த்தியத்தால் சமாளித்தது. அதன் பெரிய அளவுகள் வெளிக்கோடுகளால் ஆனவை. ஆனால் 12 பிக்சல் முதலான சிறிய அளவுகளுக்கு, எந்தப் புள்ளி கறுப்பு எந்தப் புள்ளி வெள்ளை என்று எழுத்துக்கு எழுத்து தீர்மானித்து வைத்த பிட்மேப் வடிவங்கள் எழுத்துருவுக்குள்ளேயே பொதிந்திருந்தன. 12 பிக்சல் உயரத்தில் அடுத்த வரியோடு ஒட்டாமல் இருக்க ஒரு வரிசையை விட்டுவிட்டால் மிஞ்சுவது 11 வரிசை. அதில் ஆறு கிடைக்கோடுகளுக்கு மேல் நிற்க இடமில்லை. ஆகவே ஒன்பது கோடுள்ள எழுத்தில் குறைந்தது மூன்றையாவது விழுங்கவேண்டும், அதுவும் எழுத்தின் முகம் மாறாதபடி விழுங்கவேண்டும். கணினிக்கான எழுத்துகளைப் பட்டியலிட்டு சீனா வகுத்த 1980ஆம் ஆண்டின் ஜிபி 2312 தரத்திலேயே 6,763 சீன எழுத்துகள் இருந்தன. 1995இல் வந்த ஜிபிகே தொகுதியில் எண்ணிக்கை 21,000ஐத் தாண்டியது. ஒவ்வொரு சிறிய அளவுக்கும் இத்தனை எழுத்துகளையும் புள்ளி புள்ளியாக அமைக்கும் வேலையை நினைத்துப் பார்த்தால், சிம்சனைக் கேலி செய்யும் இன்றைய வடிவமைப்பாளர்களிடம் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கத்தியால் செதுக்கியதுபோல் கூர்மையாக நிற்கும் அந்த 12 பிக்சல் வடிவங்களை ஒரு தலைமுறைச் சீனர்கள் இணையத்தில் படித்தே வளர்ந்தார்கள். தாவ்பாவ் என்னும் இணைய அங்காடி போன்ற பெருந்தளங்களின் பக்கங்கள் 12 பிக்சல் சிம்சனை அடிப்படை அளவாக வைத்தே கட்டப்பட்டன. எண்களும் இலத்தீன் எழுத்துகளும் மட்டும் தகோமா எழுத்துருவில் வரும்.

வெளிநாட்டு மென்பொருள்கள்தான் இந்த ஏற்பாட்டை முதலில் குலைத்தன. ஆங்கில விண்டோஸின் பழைய உரையாடல் பெட்டிகள் 8 பாயிண்ட் அளவில் எழுதப்பட்டவை. மொழிபெயர்ப்பாளர் சொற்களை மட்டும் சீனமாக்கிவிட்டு அளவு என்ற இடத்தில் இருந்த 8ஐத் தொடாமல் விட்டால், எழுத்து 11 பிக்சலில் வந்து நிற்கும். சிம்சனில் அந்த அளவுக்குப் பிட்மேப் கிடையாது. விண்டோஸ் வெளிக்கோட்டைச் சுருக்கி வரையும். கோடுகள் ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் இரட்டைத் தடிமனாகவும் சில இடங்களில் காணாமலும் போகும். ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் படிக்கத் தகுந்த பெட்டி படிக்க முடியாததாகிவிடும். அதனால்தான் சீனப் பதிப்புகளைத் தயாரிப்பவர்கள் சொல்லைத் திருத்துவதற்கு முன்பே அளவை 9 ஆக்கினார்கள். நிரல்களின் சாளரங்களை அமைக்க மைக்ரோசாஃப்ட் தந்த கருவியான டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் விண்டோஸ் ஃபார்ம்ஸ்கூட ஆங்கில விண்டோஸில் 8.25 பாயிண்டையும் சீன விண்டோஸில் 9 பாயிண்ட் சிம்சனையும் தன் இயல்பான எழுத்தாக எடுத்துக்கொண்டது. இப்படித்தான் 9 பாயிண்ட் என்பது சீன இடைமுகத்தின் எழுதப்படாத சட்டமாயிற்று.

இந்த இடத்துக்குத்தான் யாஹெய் வந்தது. கிடைக்கோடு மெலிந்தும் செங்கோடு தடித்தும் இருக்கும் சிம்சன் பாணியைக் கைவிட்டு, எல்லாக் கோடுகளும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும் பாணியை அது எடுத்துக்கொண்டது. எழுத்தின் உட்பகுதிகளை அகலமாகத் திறந்து வைத்ததால் கட்டங்களும் வாய்களும் எளிதில் அடைபடுவதில்லை. பிட்மேப்பை நம்பாமல் கோட்டின் ஓரங்களை மென்மையாகக் காட்டும் கிளியர்டைப் என்னும் வழவழப்பு முறையை நம்பி வரையப்பட்டதால், 14, 15, 16 பிக்சல்களில் எந்த அளவை வைத்தாலும் எழுத்தின் முகம் ஒன்றாகவே இருக்கிறது. சிம்சனிலோ பிட்மேப் உள்ள அளவிலிருந்து பிட்மேப் இல்லாத அளவுக்குப் போனதும் வேறு எழுத்துருவுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். தடித்த எழுத்திலும் யாஹெய் ஒரு குறையைத் தீர்த்தது. சிம்சனுக்குத் தனியான தடித்த வடிவம் இல்லாததால், தடிமன் கேட்டபோதெல்லாம் விண்டோஸ் அதே எழுத்தை ஒரு பிக்சல் தள்ளி இன்னொரு முறை அச்சிட்டது. நெருக்கமான எழுத்துகள் கறுப்புக் கட்டிகளாயின. யாஹெய்க்குத் தடித்த வடிவம் தனியாகவே வரையப்பட்டிருக்கிறது. ஆயினும் 12 பிக்சலில் அந்தத் தடித்த வடிவத்தைத் தலைப்புகளுக்குப் போடும் மென்பொருள்களைப் பார்க்கையில், வரைந்தவர்கள் இதற்காகவா வரைந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கிளியர்டைப்பை நம்பியதிலேயே யாஹெய்யின் முதல் பலவீனமும் இருக்கிறது. திரையின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கீற்றுகள் பக்கம் பக்கமாக இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் இம்முறை, இடமிருந்து வலமாகத்தான் நுணுக்கத்தைக் கூட்டுகிறது. மேலிருந்து கீழாக எதையும் கூட்டுவதில்லை. இலத்தீன் எழுத்துகளின் சிக்கல் பெரும்பாலும் செங்கோடுகளில் இருப்பதால் அவற்றுக்கு இது போதும். சீன எழுத்துக்கோ கிடைக்கோடுகளின் அடுக்குதான் தலைவலி. 'ஜியாங்' எழுத்தின் ஒன்பது கோடுகளும் கிளியர்டைப்பின் உதவி எட்டாத திசையில்தான் நெருங்கி நிற்கின்றன. 2009இல் விண்டோஸ் 7உடன் வந்த டைரக்ட்ரைட் என்னும் புதிய எழுத்து வரைமுறை மேல்கீழாகவும் வழவழப்பைத் தந்தது. ஆனால் பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்களுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. கிளியர்டைப்பை அணைத்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம்: 12 பிக்சல் யாஹெய் கரடுமுரடான கிறுக்கலாகிவிடும், அதே திரையில் சிம்சன் கூர்மையாக நிற்கும். தொலைவிலுள்ள கணினியை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இயக்குபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வேகம் குறைந்த இணைப்புக்கான அமைப்பில் எழுத்து வழவழப்பு அணைந்துவிடுகிறது. ஆங்கில இடைமுகத்தில் அது பெரிதாக உறுத்தாது, சீன இடைமுகத்தில் உடனே தெரியும்.

இரண்டாவது பலவீனம் வரி உயரம். இந்த மதிப்புரையில் யாஹெய்க்கு நான் மதிப்பெண் குறைப்பது முக்கியமாக இதற்காகத்தான். சிம்சனின் வரி உயரமும் எழுத்தளவும் ஒன்றே: 12 பிக்சல் எழுத்துக்கு 12 பிக்சல் உயரம், எண்களுக்கும் இலத்தீன் எழுத்துகளுக்கும் சரிபாதியாக 6 பிக்சல் அகலம். கணக்கு கச்சிதம், அந்தக் கச்சிதத்தை நம்பி ஆயிரக்கணக்கான படிவங்கள் கட்டப்பட்டுவிட்டன. யாஹெய்யின் வரி உயரமோ எழுத்தளவைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு. 12 பிக்சல் எழுத்துக்கு 16 பிக்சல் அளவுக்கு இடம் கேட்கிறது. எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அளவு அதே 9 பாயிண்ட்தானே, எல்லாம் பொருந்தும் என்று நினைத்த நிரலாளர்களுக்கு அதன்பின் கிடைத்தவை: பொத்தானுக்குள் அடிப்பகுதி வெட்டுப்பட்ட எழுத்துகள், பட்டியலில் ஒன்றையொன்று உரசும் வரிகள், பெட்டியின் கடைசி வரிசையில் இருந்து திரைக்கு வெளியே நழுவிப்போன 'சரி' பொத்தான். விண்டோஸின் உரையாடல் பெட்டிகள் தம் அளவையே எழுத்தின் சராசரி அகலத்திலிருந்தும் உயரத்திலிருந்தும் கணக்கிட்டுக்கொள்பவை; எனவே ஒழுங்காக எழுதப்பட்ட பெட்டிகள் எழுத்துருவோடு சேர்ந்து தாமும் வளர்ந்து தப்பித்தன. பிக்சலில் இடத்தைக் கட்டிப்போட்டு எழுதப்பட்டவையே அடிபட்டன. கணக்குப் பதிவு, கிடங்கு மேலாண்மை, மருத்துவமனைப் பதிவேடு என்று அலுவலகங்களில் அன்றாடம் ஓடும் நிரல்களில் பலவும் இந்த இரண்டாம் வகையே.

குறையை மைக்ரோசாஃப்டே உணர்ந்துகொண்டதற்குச் சான்று, விண்டோஸ் 8உடன் வந்த மைக்ரோசாஃப்ட் யாஹெய் யுஐ (பயனர் இடைமுகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). எழுத்து வடிவங்கள் அவைதாம்; வரி உயரத்தை மட்டும் இறுக்கி, ஆங்கில இடைமுகத்துக்குக் கட்டிய பெட்டிகளில் சீனமும் பொருந்தும்படி செய்திருக்கிறார்கள். இது சரியான திருத்தம். தமிழ் இடைமுகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இராது: ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் 'கீ'யின் மேல்சுழியும் 'கூ'வின் கீழ்வளைவும் வெட்டுப்படுவதை நாமும் பார்த்தே வருகிறோம். ஆனால் இரண்டு யாஹெய்களும் ஒரே கணினியில் அடுத்தடுத்த பெயர்களில் இருப்பதால், எதை எங்கே பயன்படுத்துவது என்ற குழப்பம் இன்றுவரை தீரவில்லை. நீண்ட உரைக்குச் சாதாரண யாஹெய்யும், பட்டி, பொத்தான், பட்டியல் ஆகியவற்றுக்கு யுஐ வடிவமும் என்பதே முறை. இரண்டையும் ஒரே சாளரத்தில் கலந்து வைத்து, பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் ஒரு பிக்சல் மேலும் கீழுமாக ஆடும் மென்பொருள்களும் இருக்கின்றன.

திரைகள் மாறியதால் இந்தச் சிக்கலின் ஒரு பகுதி தானாகவே தீர்ந்தது. பிக்சல்கள் நெருக்கமாக உள்ள புதிய திரைகளில் விண்டோஸ் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும்; 150 விழுக்காட்டுப் பெருக்கத்தில் 9 பாயிண்ட் என்பது 18 பிக்சல். நாம் எண்ணிய 17 பிக்சல் தேவை முதன்முறையாக நிறைவேறுகிறது. இந்த அளவில் யாஹெய் அழகாக இருக்கிறது, சிம்சனோ பிட்மேப்பின் துணையை இழந்து மயிரிழைபோன்ற கிடைக்கோடுகளோடு வெளிறிப் போகிறது. நிரல் உயர்நுணுக்கத் திரையை அறிந்து எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. அப்படி எழுதப்படாதவற்றை விண்டோஸ் 12 பிக்சலில் வரைந்துவிட்டு, அந்தப் படத்தை அப்படியே ஊதிப் பெரிதாக்குகிறது. விழுங்கப்பட்ட மூன்று கோடுகள் பெரிதாக்குவதால் திரும்பி வரப்போவதில்லை. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, நிரல் கோப்பின் பண்புகளில் பொருந்துமைப் பிரிவுக்குள் 'சிஸ்டம் என்ஹான்ஸ்ட்' என்ற தேர்வு இருக்கிறது. பழைய வரைமுறையில் எழுதப்பட்ட நிரல்களின் எழுத்தை உண்மையாகவே பெரிய அளவில் வரையச் செய்யும் இந்தத் தேர்வு, ஆங்கிலத்தைவிடச் சீன நிரல்களுக்கே அதிகப் பயன் தருகிறது. 2018இன் 1809 பதிப்பில் எழுத்தை மட்டும் 100 முதல் 225 விழுக்காடு வரை பெரிதாக்கும் நழுவுகோலும் வந்தது. புதிய நிரல்கள் அதற்குக் கட்டுப்படுகின்றன; பழைய நிரல்களில் அது தலைப்புப்பட்டை, மெனு போன்ற சில இடங்களை மட்டும் தொட்டுவிட்டு உள்ளே நுழையாமல் நின்றுவிடுகிறது.

இணைய உலாவியில் நிலைமை வேறு. குரோம் நெடுங்காலமாக, இடைமுக மொழி சீனமாகவோ ஜப்பானியம், கொரியம், அரபு, தாய் போன்றவையாகவோ இருந்தால் 12 பிக்சலுக்குக் குறைவான எழுத்தைக் காட்டவே மறுத்துவந்தது. வடிவமைப்பாளர் 10 என்று எழுதினாலும் 12தான் வரும். இதைச் சுற்றிப்போக, எழுத்தை 12 பிக்சலில் வைத்துவிட்டு அந்தப் பகுதி முழுவதையும் சுருக்கிக் காட்டும் தந்திரம் சீன நிரலாளர்களிடையே பாடம்போல் பரவியது. 2023இல் 118ஆம் பதிப்போடு குரோம் இந்தத் தடையை எடுத்துவிட்டது. வடிவமைப்பாளரின் சுதந்திரம் என்ற வகையில் இதை வரவேற்றவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை: 10 பிக்சல் யாஹெய்யில் நெருக்கமான எழுத்து எதையும் உறுதியாக அடையாளம் காண முடியாது, சூழலை வைத்து ஊகிக்கத்தான் முடியும். விலைப் பட்டியலின் அடிக்குறிப்பிலும் ஒப்பந்த நிபந்தனையிலும் ஊகம் ஆபத்தானது, அந்த இடங்களில்தான் 10 பிக்சல் அதிகம் வருகிறது.

கைபேசியில் சீன அரசே ஒரு கீழெல்லையை வகுத்துவிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 26 கோடியே 40 லட்சம் பேர், மக்கள்தொகையில் 18.7 விழுக்காடு. தொழில் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2021இல் வெளியிட்ட வடிவமைப்பு விதிகள், முதியோருக்கான செயலிப் பதிப்புகளில் முக்கியமான பகுதிகளின் எழுத்து 18 அலகுக்கு (கைபேசித் திரையில் எழுத்தை அளக்கும் dp அல்லது pt) குறையக்கூடாது, பயனர் விரும்பினால் 30 அலகு வரையாவது கூட்டிக்கொள்ள முடியவேண்டும், வரி இடைவெளி 1.3 மடங்குக்குக் குறையக்கூடாது என்கின்றன. அதே ஆண்டு வீசாட் செயலி எழுத்தையும் பொத்தான்களையும் பெரிதாக்கி நிறங்களை அழுத்தமாக்கும் பராமரிப்பு முறையைச் சேர்த்தது. வரி இடைவெளிக்குச் சொன்ன 1.3 என்ற எண்ணைப் பார்க்கும்போது யாஹெய்யின் வரி உயரம் நினைவுக்கு வராமல் போகாது. படிப்பதற்கு அது தேவையான இடம்தான்; அந்த இடத்தைப் பெட்டிகள் ஒதுக்கவில்லை என்பதே குறை.

போட்டி எழுத்துருக்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2015இல் ஐஓஎஸ் 9இலும் அதே ஆண்டின் மேக் பதிப்பிலும் வந்த பிங்ஃபாங், நுணுக்கமான திரைகளை மட்டுமே மனத்தில் வைத்து உருவானது. 12 பிக்சல் சோதனையை அது எழுதவே வேண்டியிருக்கவில்லை. அடோபியும் கூகுளும் சேர்ந்து 2014இல் இலவசமாக வெளியிட்ட சோர்ஸ் ஹான் சான்ஸ், தடிமன் வகைகளிலும் எழுத்துகளின் எண்ணிக்கையிலும் யாஹெய்யை மிஞ்சுகிறது. ஆனால் அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கில் இயங்கும் பழைய 96 புள்ளித் திரையில், சிறிய அளவில் கோடுகளைக் கட்டத்தில் உட்காரவைக்கும் வேலையில் யாஹெய்க்கு அது ஈடாகாது. சாதாரணத் திரையுள்ள அலுவலகக் கணினிக்கு யாஹெய்தான் இன்னமும் என் தேர்வு.

அரிய எழுத்துகளைப் பற்றி ஒரு குறிப்பு. எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தால் விண்டோஸ் வேறோர் எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்கும். மூன்றெழுத்துப் பெயரில் இரண்டு எழுத்து யாஹெய்யின் தடிமனிலும் ஒன்று மட்டும் அரிய எழுத்துகளுக்கான சிம்சன் எக்ஸ்ட்-பியின் மெலிந்த கோட்டிலும் வருவது அதனால்தான். அந்த ஓர் எழுத்து அளவிலேயே சிறியதாகத் தோன்றும். 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த, சீனாவின் எழுத்துத் தரமான ஜிபி 18030இன் 2022 பதிப்புக்கு ஏற்ப, விண்டோஸ் 11இல் யாஹெய்யும் சிம்சனும் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. பழைய விண்டோஸோடு நின்றுவிட்ட அலுவலகங்களில் இந்தக் கலப்பு தொடரும்.

சீனாவிலிருந்து வரும் லேசர் வெட்டு இயந்திரம், எம்ப்ராய்டரி இயந்திரம் ஆகியவற்றின் கணினி நிரல்களை ஆங்கிலத்தில் பயன்படுத்தும் நம்மூர்ப் பட்டறைகளுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வந்து சேர்கிறது. சொற்கள் ஆங்கிலமானாலும் எழுத்துரு என்ற இடத்தில் 9 பாயிண்ட் சிம்சன் என்றே எழுதியிருந்தால், ஆங்கிலமும் சிம்சனின் ஒல்லியான அரை அகல எழுத்துகளில் வரும். நான்கு சீன எழுத்துகளுக்கு ஒதுக்கிய 48 பிக்சல் இடத்தில் எட்டு ஆங்கில எழுத்துகளுக்கு மேல் அடங்காததால், நீண்ட சொற்கள் பாதியில் அறுபடும். விண்டோஸின் மண்டல அமைப்பில் யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழியைச் சீனமாக மாற்றினால் கேள்விக்குறிகளாக வந்தவை எழுத்துகளாகும். ஆனால் அறுபட்ட சொற்கள் அதனால் நீளமாகிவிடா. பெட்டியை நிரலாளர் அகலமாக்கினால்தான் உண்டு.

யாஹெய்யைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. புதிதாகச் சீன இடைமுகம் எழுதுபவர்கள் யுஐ வடிவத்தை எடுத்துக்கொண்டு 14 பிக்சலில் தொடங்கட்டும். வரி உயரத்தைப் பிக்சலில் கட்டாமல் எழுத்துருவையே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தடித்த வடிவத்தை 14க்குக் கீழே பயன்படுத்தவேண்டாம். 9 பாயிண்ட் சிம்சனுக்காகக் கட்டிய பழைய நிரலை 96 புள்ளித் திரையில் இன்னும் ஓட்டுபவர்கள், பெட்டிகளைத் திருத்தி அமைக்க ஆள் இல்லாதவரை அதில் யாஹெய்யைத் திணிக்காமல் சிம்சனையே விட்டுவைப்பது நல்லது. 12 பிக்சலில் அது இன்றும் யாஹெய்யைவிடத் தெளிவு.